நிலையான தங்குமிடம் இல்லாதபோது எச்.ஐ.வி. சிகிச்சையை விடாமல் தொடர்வது எப்படி

பை திருட்டுப் போன மறுநாளிலிருந்து பலருடைய சிகிச்சை நின்றுபோகிறது. மாத்திரை டப்பா, சிகிச்சைப் புத்தகம், அடையாள அட்டை, செல்பேசி எல்லாமே அந்த ஒரு பையில் இருந்திருக்கும். மாத்திரை போய்விட்டது என்று சொல்லப் போனால் புத்தகத்தைக் கேட்பார்கள், புத்தகமும் போனது என்றால் திட்டுவார்கள் என்று தயங்கித் தயங்கி, போகாமலே இருந்துவிடுகிறார்கள். ஒரு நாள் ஒரு வாரமாகி, வாரம் மாதமாகிறது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காமல் இருந்தால் இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுத்துவிடலாம். மாத்திரை, காகிதம், தொடர்பு எண் ஆகிய மூன்றும் குறைந்தது இரண்டிரண்டு இடங்களில் இருக்க வேண்டும். தெருவோரம் உறங்குபவர், இரவு தங்கும் விடுதியில் படுப்பவர், தெரிந்தவர் வீடுகளில் மாறி மாறித் தங்குபவர், வேலைத்தளக் கொட்டகையில் இருப்பவர், வாடகை கட்ட முடியாமல் அடிக்கடி வீடு மாறுபவர் என எல்லோருக்கும் இது பொருந்தும்.

இன்று பல நாடுகளில் முதலில் கொடுக்கப்படுவது டி.எல்.டி. என்ற கூட்டு மாத்திரை. டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் அதில் அடக்கம். நாளுக்கு ஒன்று போதும். கீழே 'மாத்திரை' என்று பொதுவாகச் சொல்லும் இடமெல்லாம் இதையே குறிக்கிறது. உங்கள் டப்பாவில் வேறு பெயர்கள் இருந்தால் அதற்கான விதிகளை உங்கள் சிகிச்சை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரையைப் பிரித்து வைத்தல்

உடம்போடு எப்போதும் 7 மாத்திரை இருக்கட்டும். திருகு மூடி உள்ள, விரல் நீளச் சிறு டப்பா போதும். சட்டையின் உள்பை, கழுத்தில் தொங்கும் துணிப்பை, இடுப்புப் பை எதுவும் சரிதான். பின்பாக்கெட் வேண்டாம், உட்கார்ந்து எழுந்தே மாத்திரை நொறுங்கும், வியர்வையும் இறங்கும். பிளாஸ்டிக் உறையில் மட்டும் போட்டு வைத்தாலும் இதே கதிதான்.

மீதி மாத்திரைகள் அவை வந்த டப்பாவிலேயே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை எடுத்து எறியாதீர்கள், அது இல்லாவிட்டால் மழைக்காலத்தில் மாத்திரை பொதபொதத்துப் போகும். வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. தகரக் கூரைக்கு நேர் கீழேயும், நிறுத்தி வைத்த வண்டிக்குள்ளும் வெயில் நாளில் அதைவிட மிக அதிகமாகக் காயும். ஒட்டிக்கொண்டவை, நிறம் மாறியவை, தொட்டால் உதிர்பவை இருந்தால் அவற்றை எடுத்துப் போய்க் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்த டப்பாவை யாரிடம் கொடுத்து வைப்பது என்பதுதான் கடினமான முடிவு. நம்பகமான நண்பர், உங்களைப் போலவே சிகிச்சையில் இருக்கும் ஒருவர், தொண்டு நிறுவனத்தின் அலமாரி, விடுதிக் காப்பாளர், சில இடங்களில் சிகிச்சை மையமே கூட வைத்துக்கொள்ளும். வைத்துக்கொள்பவருக்கு உள்ளே இருப்பது என்ன என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. துணியில் சுற்றி, முடிச்சிட்டு, 'தினமும் சாப்பிடும் மருந்து' என்று சொன்னால் போதும். ஆனால் ஒன்றைத் தவறாமல் கேளுங்கள்: எந்த நாளில், எத்தனை மணி வரை வந்து எடுக்கலாம்? விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் அலமாரியில் மருந்து இருந்து பயனில்லை. கையில் 7 நாளுக்கு வைத்திருப்பதே அந்த இடைவெளிக்காகத்தான்.

உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு 3 மாதம் முதல் 6 மாதம் வரைக்கான மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கும் வழக்கம் பரவலாகிவிட்டது. அலைச்சல் குறைவதால் இது நல்ல ஏற்பாடு. ஆனால் பத்திரமான இடம் இல்லாதவர் 180 மாத்திரையைத் தோளில் சுமந்து திரிந்தால், ஒரே இரவில் ஆறு மாத மருந்தும் போய்விடும். வைக்க இடம் இருந்தால் மொத்தமாக வாங்குங்கள். இல்லையென்றால் 30 மாத்திரை டப்பாக்களாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் மாதாமாதம் வாங்கிக்கொள்வதே நல்லது.

நடக்கும்போது டப்பா கலகலவென்று சத்தம் போடுகிறது, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதற்காகவே மருந்தை எடுத்துச் செல்லாமல் விட்டவர்கள் உண்டு. மேலே சுத்தமான பஞ்சை அடைத்தால் சத்தம் நிற்கும். பஞ்சு ஈரமானால் மாற்றிவிடுங்கள்.

டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு உங்கள் நோயைக் காட்டிக்கொடுக்கும், அதே சீட்டுதான் இது முறையாக வாங்கிய மருந்து என்பதற்குச் சாட்சியும். காவல் சோதனையில் பிடித்து 'இது என்ன மாத்திரை?' என்று கேட்டால் சீட்டில்லாத டப்பா சிக்கலாகும். சீட்டைக் கிழிப்பதாக இருந்தால் முதலில் படம் எடுத்து, மருந்துச் சீட்டின் நகலை மடித்து ஒட்டிய உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போடுவது

நிலையான இரவு இல்லாதவருக்கு 'இரவு 9 மணிக்கு' என்ற விதி நிலைக்காது. எங்கே இருந்தாலும் தினமும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு சேர்த்துவிடுங்கள். காலையில் முகம் கழுவுவது பலருக்கு ஒத்துவருகிறது. டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதாலும் காலை நல்லது.

எஃபாவிரென்ஸ் கலந்த பழைய கூட்டு மருந்தில் இருப்பவர்கள் தாங்கள் எங்கே உறங்குகிறார்கள் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அதைப் படுக்கும் முன் போடச் சொல்வார்கள். தலைச்சுற்றலும் விபரீதக் கனவும் வரும். வெட்டவெளியில் பாதிக் கண் திறந்து உறங்க வேண்டியவருக்கு அந்த மயக்கம் ஆபத்து, அதனாலேயே மாத்திரையைத் தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். டோலுடெக்ராவிருக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019 முதல் அதைத்தான் முதல் தேர்வாகப் பரிந்துரைக்கிறது.

'சாப்பிடவில்லை, அதனால் மாத்திரையும் போடவில்லை.' அடிக்கடி கேட்கும் இந்த வார்த்தைக்கு இடமே வேண்டாம். டி.எல்.டி.யை வெறும் வயிற்றில் போடலாம். குமட்டினால் வயிற்றில் ஏதாவது விழுந்த பிறகு போடுங்கள், அவ்வளவுதான். உணவோடுதான் போட வேண்டும் என்ற கட்டாயம் ரில்பிவிரின், அட்டசனாவிர் போன்ற வேறு எச்.ஐ.வி. மருந்துகளுக்கு உண்டு. உணவு நிச்சயமில்லாதவருக்கு அவை பொருந்தாது என்று மருத்துவரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

மது குடித்த நாளிலும் மாத்திரையை விடக் கூடாது. மதுவும் மாத்திரையும் சேர்ந்தால் விஷமாகும் என்று பயந்து வார இறுதி முழுவதும் விட்டுவிடுகிறார்கள். அந்த விடுபட்ட நாட்கள்தான் கெடுதல் செய்கின்றன. குடிக்கும் எண்ணம் இருந்தால் காலையிலேயே போட்டுவிடுங்கள், மறக்கவும் வழியில்லை.

வயிற்றெரிச்சலுக்கான மருந்தில் மக்னீசியமோ அலுமினியமோ இருக்கலாம். அவை டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு இரத்தத்துக்குள் போகவிடாது. மாத்திரையை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான். ஆனால் உணவோடு போடுவதானால் இவ்விரண்டையும் டோலுடெக்ராவிரோடு சேர்த்தே விழுங்கலாம்.

வேளை தவறிவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் தவறியதை விட்டுவிட்டு வழக்கம்போலத் தொடருங்கள். ஒரே சமயம் இரண்டு வேண்டாம்.

மாத்திரை தீரப் போகும்போதும், நின்றுபோன பிறகும்

கையில் நான்குதான் மிச்சம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் எட்டு நாள் தாங்குமே என்று கணக்குப் போடத் தோன்றும். இந்தக் கணக்கு தப்பு. இரத்தத்தில் மருந்து பாதியளவில் இருக்கும்போது வைரஸ் பெருகவும் செய்யும், அந்த மருந்துக்குப் பழகவும் செய்யும். நாளுக்கொன்றாக முழுமையாகப் போட்டு முடியுங்கள். அந்த நான்கு நாளை அடுத்த டப்பா வாங்குவதற்குச் செலவிடுங்கள். 7 மாத்திரை மிச்சம் இருக்கும்போதே கிளம்புவது என்று வைத்துக்கொண்டால் இந்த நிலையே வராது.

அடுத்தவர் மாத்திரையைக் கடன் வாங்கினால் இரண்டு பேர் சிகிச்சையும் குறைபடும். அவருடைய கூட்டு மருந்து உங்களுடையதாக இல்லாமலும் போகலாம்.

நின்றுபோய் எத்தனை நாளானாலும் திரும்பி வரலாம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். டி.எல்.டி.யில் இருந்தவர்கள் பெரும்பாலும் வந்த அன்றே அதையே மீண்டும் தொடங்கலாம். டோலுடெக்ராவிரை எதிர்த்துப் பழகுவது வைரஸுக்குக் கடினம், இடையில் விட்டதாலேயே அது பயனற்றுப் போவது அரிது. ஆனால் சில நிலைகளில் மருத்துவரைப் பார்க்காமல் பழைய டப்பாவைத் திறக்காதீர்கள். அபகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைப் போட்டுக் காய்ச்சல், தடிப்பு, மூச்சுத்திணறல் என்று ஒவ்வாமை வந்திருந்தால் வாழ்நாளில் மறுபடி அதைத் தொடக் கூடாது, உயிருக்கே ஆபத்து. நெவிராபின் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்து நின்றிருந்தால் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டியிருக்கலாம். கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் இருந்தால் மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதியான பிறகே எச்.ஐ.வி. மருந்து தொடங்குவார்கள். அந்தத் தாமதம் உங்களைப் பாதுகாக்கத்தான்.

ஹெபடைடிஸ் பி கிருமியும் உள்ளவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் சேர்த்தே அடக்கி வைத்திருக்கின்றன. திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கிளம்பி மஞ்சள் காமாலையாகலாம். உங்களுக்கு அந்தப் பரிசோதனை செய்தார்களா, முடிவு என்ன என்பதைத் தெரிந்து வைத்திருங்கள்.

விட்ட நாட்களை மறைக்காதீர்கள். எல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டேன் என்று சொல்லி, வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) அதிகமாக வந்தால், மருந்து தோற்றுவிட்டது என்று முடிவு செய்து அடுத்த நிலை மருந்துக்கு மாற்றக்கூடும். அதில் மாத்திரை எண்ணிக்கை கூடும், சிலவற்றை உணவோடுதான் போட வேண்டும். பையைத் திருடிவிட்டார்கள் என்ற ஒரு வரி அந்த வீண் மாற்றத்தைத் தடுக்கும்.

மருந்து நின்ற சில வாரங்களிலேயே வைரஸ் இரத்தத்தில் மீண்டும் எழும். மறுபடி அடங்கியதைப் பரிசோதனை காட்டும் வரை ஆணுறை தேவை. இடையில் பாதுகாப்பின்றி உறவு நடந்திருந்தால் இணையர் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

மையத்தின் வாசலில்

எச்.ஐ.வி. உறுதியானால் 7 நாட்களுக்குள்ளும், நோயாளி தயார் என்றால் அன்றைக்கே கூடவும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பரிந்துரைத்தது. வீடில்லாதவருக்கு இது பெரிய உதவி. 'அடுத்த வாரம் வா' என்றால் அடுத்த வாரம் அவர் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே முதல் நாளிலேயே 'இன்றே தொடங்க முடியுமா?' என்று கேளுங்கள்.

முகவரி கேட்கும்போது பொய் முகவரி கொடுக்காதீர்கள், பிறகு தேடி வரும் களப்பணியாளர் யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். 'எனக்கு நிலையான முகவரி இல்லை, எதை எழுதலாம்?' என்று நேராகக் கேளுங்கள். விடுதியின் முகவரியையோ தொண்டு நிறுவனத்தின் முகவரியையோ அவர்கள் சம்மதத்தோடு எழுதலாம். வழக்கமாக உறங்கும் இடத்தின் அடையாளத்தையும், பகலில் எங்கே இருப்பீர்கள் என்பதையும் ஆலோசகரிடம் சொன்னால், உங்களைக் கண்டுபிடிக்க முகவரியைவிட அதுதான் உதவும். அடையாள அட்டை இல்லை என்ற காரணத்தால் வாசலோடு திரும்பாதீர்கள். உள்ளே ஆலோசகரையோ சமூகப் பணியாளரையோ பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

தொடர்பு எண் இரண்டு கொடுங்கள், ஒன்று உங்களுடையது, இன்னொன்று எளிதில் மாறாத ஒருவருடையது. அந்த இரண்டாமவரிடம் என்ன சொல்லலாம் என்பதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். 'வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்' என்ற அளவில் நிறுத்திவிடலாம்.

ஊர் மாறுவதற்கு முன் மாற்றல் கடிதம் வாங்கிவிடுங்கள். பலரால் அப்படி முன்கூட்டித் திட்டமிட முடிவதில்லை, வேலை கூப்பிட்டால் அன்றிரவே கிளம்ப வேண்டியிருக்கும். அதற்காக ஒரு துண்டுச் சீட்டை எப்போதும் தயாராக வைத்திருங்கள். சிகிச்சை எண், மையத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும், மருந்துகளின் பெயரும் அளவும், தொடங்கிய தேதி, கடைசி வைரல் லோடும் அதன் தேதியும், சி.டி.4 என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை, ஹெபடைடிஸ் பி முடிவு, காசநோய் மருந்து சாப்பிட்ட விவரம், ஒவ்வாமை இவ்வளவும் உள்ளங்கை அளவுக் காகிதத்தில் அடங்கும். ஒன்று உடம்போடு இருக்கட்டும், ஒன்று மருந்தை வைத்திருப்பவரிடம் இருக்கட்டும், செல்பேசியில் ஒரு படமும் இருக்கட்டும். புதிய ஊரில் கடிதம் இல்லாமல் நிற்க நேர்ந்தால் அந்தச் சீட்டையும் காலி டப்பாவையும் காட்டி, பழைய மையத்துக்குத் தொலைபேசியில் பேசச் சொல்லி, கடிதம் வரும் வரைக்கான மாத்திரையைக் கேளுங்கள்.

காவலில் எடுத்தாலும், மருத்துவமனையில் சேர்த்தாலும் முதல் நாளே 'தினமும் தவறக் கூடாத மருந்து இருக்கிறது' என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெக்ராவிர் 50 மி.கி. இன்னொரு வேளையும் தேவைப்படும், 12 மணி நேர இடைவெளியில். வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிட்டாய்ன் இரண்டும் இரத்தத்தில் டோலுடெக்ராவிரின் அளவைக் குறைக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு அது நாளுக்கு 1000 மி.கி.யைத் தாண்டாமல் பார்ப்பார்கள்.

பரிசோதனைகள்

சிகிச்சை தொடங்கிய 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கொரு முறை வைரல் லோடு பார்ப்பது பொதுவான அட்டவணை. ஒரு மி.லி. இரத்தத்தில் வைரஸ் பிரதிகள் 1000-க்கு மேல் வந்தால் மாத்திரை ஒழுங்கைச் சரிசெய்து, 3 மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். கருவியால் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால் உடலுறவு வழியாக மற்றவருக்குப் பரவாது. பரிசோதனை தேதியில் வர முடியாமல் போனால் அட்டவணைக்காகக் காத்திருக்க வேண்டாம், எப்போது மையத்துக்கு வருகிறீர்களோ அப்போதே இரத்தம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நெருக்கமான கூடங்களில் பலரோடு உறங்குபவர்களுக்குக் காசநோய் எளிதில் தொற்றும். இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை இவற்றில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை கேளுங்கள். எதுவும் இல்லையென்றால் தடுப்பு மருந்து கேளுங்கள். வாரம் ஒரு முறையாக 12 வாரம் சாப்பிடும் முறை, இடம் மாறிக்கொண்டே இருப்பவருக்கு 6 மாதத் தினசரி மாத்திரையைவிடச் சுலபம். சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே இருந்தால் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைக்கான பரிசோதனையும், பிற தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் தேவைப்படும்.

ஊசி

காபோடெக்ராவிர், ரில்பிவிரின் என்ற இரண்டு நீண்டகால மருந்துகளை 2 மாதத்துக்கொரு முறை இடுப்புத் தசையில் ஊசியாகப் போடலாம். பையில் மாத்திரை இல்லை, திருட்டுப் போக எதுவுமில்லை. 2025-ல் உலக சுகாதார நிறுவனம், மாத்திரையால் வைரஸ் அடங்கியிருப்பவர்களுக்கு இதை மாற்று வழியாக ஏற்றது. அடங்காதவர்களுக்கு உதவுமா என்பதற்கு, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் 86-ஆம் வார்டு என்ற எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவு 2023-ல் வெளியிட்ட முடிவு நம்பிக்கை தருகிறது. ஊசி தொடங்கியபோது வைரஸ் அடங்காமல் இருந்த 57 பேரில் 54 பேருக்குச் சில வாரங்களில் அடங்கியது. அங்கே ஊசி பெற்றவர்களில் பெரும்பாலோர் நிலையான வீடில்லாதவர்கள்.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஹெபடைடிஸ் பி இருந்தால் இந்த ஊசி மட்டும் போதாது. குறித்த தேதிக்கு 7 நாள் முன்பின்னாகப் போட்டுவிட வேண்டும். மருந்து மாதக்கணக்கில் உடம்பில் மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும் என்பதால், தேதியைத் தவறவிட்டால் வைரஸ் பழகிக்கொள்ள வாய்ப்பு அதிகம். தேதி தவறப் போகிறது என்று முன்பே தெரிந்தால் இடைக்கால மாத்திரை கேட்டு வாங்குங்கள்.

மையத்தில் வேலை செய்பவர்களுக்கு

தாமதமாக வந்தவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். விடுதியில் படுக்கை பிடிக்கும் வரிசை, கூலி வேலைக்கு ஆள் எடுக்கும் நேரம், உணவு வழங்கும் நேரம் எல்லாம் உங்கள் மருந்தக நேரத்தோடு மோதும். வாரத்தில் ஓர் அரை நாளாவது முன்பதிவு இல்லாமல் வரலாம் என்று வையுங்கள். மேலே சொன்ன 86-ஆம் வார்டு 2019-ல் வீடில்லாதவர்களுக்கென்று தொடங்கிய பிரிவு இப்படித்தான் இயங்குகிறது. மூட்டையோடு வருபவருக்கு அதை வைக்க இடம் கொடுங்கள். மூட்டையை வெளியே விட்டு வரச் சொன்னால் அவர் உள்ளேயே வரமாட்டார்.

ஒரு வருகையில் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்: இரத்தம், மாத்திரை, காசநோய்க் கேள்விகள், காலில் இருக்கும் புண். போதை மீட்புக்கு மெத்தடோன் வாங்க ஒருவர் தினமும் வருகிறார் என்றால் எச்.ஐ.வி. மாத்திரையையும் அதே சன்னலில் கொடுக்கலாம். ஆனால் எஃபாவிரென்ஸ் மெத்தடோன் அளவைக் குறைத்து உடல் நடுக்கத்தைக் கொண்டுவரும், டோலுடெக்ராவிரால் அந்தத் தொல்லை இல்லை.

தொலைந்த மாத்திரைக்கு மாற்று கொடுக்கும் விதியை எழுத்தில் வையுங்கள், யார் கையெழுத்துப் போடலாம் என்பது உட்பட. அந்த அதிகாரம் உள்ள ஒரே ஆள் விடுப்பில் இருக்கும் நாளில்தான் பை தொலைந்தவர் வந்து நிற்பார்.